முதல் நாள் மதிப்பெண்

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டின் விமர்சனங்கள் 2025 ஜனவரி 23 அன்று உலகமெங்கும் ஒரே நேரத்தில் வெளியாயின. கார்டு கடைக்கு வந்தது 30ஆம் தேதி. இடைப்பட்ட அந்த வாரத்தில் கைக்குக் கிடைத்த விமர்சனங்களையெல்லாம் படித்தேன், பார்த்தேன். அமெரிக்காவில் ஒருவர், ஜெர்மனியில் ஒருவர், ஆஸ்திரேலியாவில் ஒருவர். ஒவ்வொருவரும் வேறு வேறு விளையாட்டுகளை, வேறு வேறு காட்சிகளை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஆனாலும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: 4கே திரையில் முந்தைய 4090-ஐவிடச் சுமார் 30 சதவீதம் வேகம் கூடுதல். ஒருவருக்குக் கொஞ்சம் கூடியிருக்கும், இன்னொருவருக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு பொருளைப் பற்றி இத்தனை பேர் தனித்தனியே அளந்து இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவது வேறெந்தச் சந்தையிலும் எளிதில் காணக் கிடைக்காது.

பிப்ரவரியில் அடுத்தடுத்து மூன்று செய்திகள் வந்தன. படத்தின் புள்ளிகளை இறுதியாக எழுதி முடிக்கும் ஆர்ஓபி அலகுகள் 176 இருக்க வேண்டிய சில 5090 கார்டுகளில் 168 மட்டுமே இருந்தன. 32 பிட் ஃபிஸ்எக்ஸ் ஆதரவை இந்தத் தலைமுறையில் எடுத்துவிட்டதால், பத்தாண்டுக்கும் மேல் பழைய விளையாட்டுகள் இந்தக் கார்டில் தடுமாறின. ஒரு பயனரின் மின் கனெக்டர் உருகிப்போயிருந்தது. இந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் ஜனவரி 23 விமர்சனங்களில் பார்க்கவில்லை.

விமர்சகர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களில் பலரின் உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. என் குறை அவர்கள் கையிலிருக்கும் முறையைப் பற்றியது. வேகத்தை அளப்பதில் அந்த முறை மிகத் தேர்ந்தது. ஆனால் ஒரு கார்டோடு நான்கைந்து வருடம் குடித்தனம் நடத்தப்போகிறவருக்கு வேகம் ஒரு கேள்வி மட்டுமே, மற்றக் கேள்விகளும் இருக்கின்றன. அந்தக் கேள்விகள் எழுவதற்கு முன்பே விமர்சனம் முடிந்துவிடுகிறது.

முதலில் அந்த முறையின் பெருமை. அது ஒரே நாளில் வந்ததல்ல. நெடுங்காலம் விமர்சனம் என்றால் சராசரி எஃப்பிஎஸ்தான், அதாவது ஒரு விநாடிக்கு எத்தனை ஃபிரேம். சராசரி எவ்வளவு பொய் சொல்லும் என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றில் பார்க்கலாம். ஒரு விநாடியில் 60 ஃபிரேம் வருகின்றன. 59 ஃபிரேம்கள் தலைக்கு 15 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால் மொத்தம் 885. மிச்சமுள்ள ஒரே ஒரு ஃபிரேம் 115 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. கூட்டினால் சரியாக ஒரு விநாடி, சராசரி 60. திரையிலோ அந்த 115 மில்லிவிநாடியில் படம் வெடுக்கென்று நின்று கிளம்பும், எதிரி உங்களைச் சுட்டிருப்பான். மணிக்கு ஆறு பேருந்து என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள். மூன்று பேருந்து வால்பிடித்துக்கொண்டு ஒன்றாக வந்துபோகும், பிறகு அரைமணி நேரம் எதுவும் வராது. அட்டவணையில் தப்பில்லை, ஆனால் நிறுத்தத்தில் நிற்பவருக்கு அதனால் பயனுமில்லை.

இந்த நியாயத்தை 2011-இல் ஒரு கட்டுரையில் உரக்கச் சொன்னவர் டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன். ஒரு விநாடியை ஒரே மூட்டையாகக் கட்டாமல், அதற்குள் ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தைத் தனித்தனியே வரைந்து காட்டினார். சராசரியில் சமமாக இருந்த கார்டுகள் அந்த வரைபடத்தில் வேறு வேறு முகம் காட்டின. இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் அமைப்புகளின் சீரற்ற ஓட்டமும் இப்படித்தான் பட்டவர்த்தனமானது. அதன்பின் நிறுவனங்களும் டிரைவர் எழுதும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று எல்லா விமர்சனத்திலும் சராசரிக்குக் கீழே ‘ஒரு சதவீதத் தாழ்வு’ என்று இரண்டாவது பட்டை ஒன்று இருக்கிறதே, அது அந்தக் கட்டுரையின் வழிவந்தது. விமர்சனம் ஒரு பொருளையே திருத்தியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்னொரு பெருமையும் உண்டு. 2001-இல் ஏடிஐ நிறுவனத்தின் டிரைவர், ஓடுவது குவேக் 3 என்று கோப்பின் பெயரை வைத்துக் கண்டுபிடித்து, படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது. விளையாட்டின் பெயரை ‘குவாக்’ என்று மாற்றி ஓட்டியதும் படம் தெளிந்தது, வேகம் விழுந்தது. இரண்டே ஆண்டுகளில், 2003-இல், என்விடியாவின் டிரைவர் 3டிமார்க் 03 சோதனையில் கண்ணுக்குத் தெரியாத இடங்களை வரையாமலேயே விட்டு மதிப்பெண் வாங்கியது அம்பலமானது. இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் விமர்சகர்கள்தான். எந்த நிறுவனமும் தானாக முன்வந்து சொல்லவில்லை.

அண்மைக்கால உதாரணம் ஒன்று. 2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் மேடையில் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 5070, 4090-க்கு நிகரான செயல்திறன் தரும் என்று அறிவித்தார். 4090-இன் அறிமுக விலை 1,599 டாலர். அதில் 24 ஜிபி மெமரியும் 16,384 கோர்களும் இருக்கின்றன. 5070-இல் 12 ஜிபியும் 6,144 கோர்களும். மார்ச் மாதம் கார்டு விமர்சகர்கள் கைக்கு வந்ததும் அந்த வாக்கியம் பொடிப்பொடியானது. ஒரே அமைப்பில், ஒரே விளையாட்டில் வைத்தால் 5070 பழைய 4070 சூப்பருக்குப் பக்கத்தில்தான் நின்றது. மேடையில் சொன்னதற்கும் மேசையில் கண்டதற்கும் உள்ள தூரத்தைப் பொதுமக்கள் கண்முன் காட்டியது விமர்சனம்தான். அது இல்லாவிட்டால் எத்தனை பேர் அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பணம் கட்டியிருப்பார்கள்!

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருந்த தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்றைய விமர்சனம் இடறுகிற இடம் அதுதான். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 தொழில்நுட்பத்தில் வந்த பல்ஃபிரேம் உருவாக்கம், நிஜமாக வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே மூன்று ஃபிரேம்கள் வரை தானே கற்பனை செய்து இட்டு நிரப்பும். ஸைபர்பங்க் 2077-ஐ 4கே திரையில் முழு ஒளித்தடச் சித்திரிப்போடு (பாத் டிரேசிங்), வேறெந்த உதவியும் இல்லாமல் ஓட்டினால் 5090-ஆலேயே விநாடிக்கு 30 ஃபிரேம் தர முடிவதில்லை. டிஎல்எஸ்எஸ் 4-ஐ முழுதாக முடுக்கினால் திரையில் 200-ஐத் தாண்டிய எண் தெரியும்.

அந்த 200 பொய்யா? பொய்யில்லை. திரையில் அத்தனை படங்கள் வருகின்றன, அசைவு வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் இடையில் செருகும் படத்தை வரைய, அடுத்த நிஜப் படம் கைக்கு வந்தாக வேண்டும். வந்த படத்தை உடனே காட்டாமல் பிடித்து வைத்துக்கொண்டு, நடுவிலுள்ளவற்றை முதலில் காட்ட வேண்டும். எனவே நீங்கள் மவுஸை நகர்த்தியதற்கான பதில் முன்பைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். நிஜ ஃபிரேம் 70 இருக்கிற இடத்தில் இந்த வசதியைப் போட்டு, 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாடினால் அது அருமையான அனுபவம், நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிஜ ஃபிரேம் 30 இருக்கிற இடத்தில் போட்டால் கண்ணுக்கு 120, கைக்கு 30. சேற்றில் கால் வைத்து நடப்பது போலிருக்கும்.

எஃப்பிஎஸ் என்ற ஒரே எண் முன்பு இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொன்னது: அசைவு எவ்வளவு வழுக்குகிறது, கைக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது. இப்போது அந்த இரண்டும் பிரிந்துவிட்டன. கவனமுள்ள விமர்சகர்கள் இரண்டையும் தனித்தனிப் படமாகப் போடுகிறார்கள், இட்டு நிரப்பிய ஃபிரேம்களை வேகப் பட்டியலில் கலப்பதில்லை. கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: அந்தப் பட்டை நிஜ ஃபிரேமின் பட்டையா, இட்டு நிரப்பியதும் சேர்ந்ததா?

விமர்சகரின் மேசைக்குக் கார்டு வந்து சேரும் வழியையும் பார்க்க வேண்டும். கார்டை அனுப்புவது அதை விற்கும் நிறுவனம். எந்த நாள், எந்த நேரம் வெளியிடலாம் என்று விதிப்பதும் அதுவே. 2020 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு குழுவினர் கதிர்த்தடச் சித்திரிப்புக்கு (ரே டிரேசிங்) போதிய இடம் தரவில்லை என்று சொல்லி, இனி அவர்களுக்குத் தன் ஃபவுண்டர்ஸ் எடிஷன் கார்டுகளை அனுப்புவதில்லை என்று என்விடியா கடிதம் எழுதியது. கண்டனம் எழுந்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. 2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 வந்தபோது, சுதந்திரமான விமர்சனத்துக்குத் தேவையான டிரைவர் விற்பனை நாளுக்கு முன் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. மலிவு கார்டு வாங்குகிறவர்தான் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிக் கொடுப்பவர். அவருக்குத்தான் முதல் நாள் விமர்சனம் இல்லாமல் போனது. 5090-க்கோ விற்பனைக்கு ஒரு வாரம் முன்பே விமர்சனங்கள் குவிந்தன. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி பிப்ரவரிச் செய்திகளுக்கு வருகிறேன். ஆர்ஓபி குறைபாட்டில் விமர்சனத்தின் பலமும் பலவீனமும் ஒன்றாகவே தெரிந்தன. பாதிப்பு அரை சதவீதத்துக்கும் குறைவான கார்டுகளில்தான் என்றும், வேக இழப்பு சராசரியாக 4 சதவீதம் என்றும் என்விடியா ஒப்புக்கொண்டு மாற்றித் தர முன்வந்தது. விமர்சகருக்கு வருவது ஒன்றிரண்டு கார்டு. அரை சதவீதக் குறை அந்த ஒன்றிரண்டில் தென்படாதது இயல்பு. ஆனால் 4 சதவீதக் குறையை ஒரு சொந்தக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தன் கார்டு இவ்வளவு ஓட வேண்டும் என்று ஒப்பிட ஓர் எண் வேண்டுமே. விமர்சனங்கள் விட்டுச்சென்ற எண்களும், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் காட்டிய அலகுகளின் எண்ணிக்கையும்தான் அந்த அளவுகோலாயின.

ஃபிஸ்எக்ஸ் விஷயம் வேறு. பேட்மேன் ஆர்க்கம் சிட்டி 2011-இல் வந்தது, பார்டர்லாண்ட்ஸ் 2 அதற்கடுத்த ஆண்டு. புகை, துணி, சிதறும் கண்ணாடி இவற்றின் அசைவைக் கணக்கிடும் அந்தப் பழைய வசதி கார்டில் ஓட முடியாமல் பிராசஸரின் தலையில் விழுந்தபோது, 1,999 டாலர் கார்டு அந்த விளையாட்டுகளில் திணறியது. புதுக் கார்டைப் புது விளையாட்டில் மட்டுமே சோதிப்பது விமர்சகர்களின் வழக்கம். பழைய விளையாட்டில் எந்தக் கார்டும் பறக்கும் என்ற நம்பிக்கை அது. பயனர்கள்தான் கண்டுபிடித்தார்கள், குரல் எழுப்பினார்கள். ஆண்டு முடிவில் என்விடியா குறிப்பிட்ட சில விளையாட்டுகளுக்கு மட்டும் டிரைவர் வழியே அந்த ஆதரவைத் திருப்பித் தந்தது.

கனெக்டர் விஷயம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. 5090 முழு வேகத்தில் 575 வாட் இழுக்கிறது. 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 48 ஆம்பியர். 16 பின் கனெக்டரில் மின்சாரம் கொண்டுவரும் கம்பிகள் ஆறு. சமமாகப் பிரிந்தால் கம்பிக்கு 8 ஆம்பியர். ஒரு பின் தாங்கக்கூடியது சுமார் 9.5. பழைய 8 பின் கனெக்டரில் மூன்று கம்பிகள் 150 வாட்டைச் சுமந்தன, கம்பிக்கு 4 ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். அதில் இன்னொரு மடங்கு ஏறினாலும் தாங்கும் இடைவெளி இருந்தது. புதியதில் அந்த இடைவெளியைப் பெருமளவு சுருக்கிவிட்டார்கள்.

சமமாகப் பிரிந்தால் என்று சொன்னேன். பிரிகிறதா என்று கார்டு பார்ப்பதே இல்லை என்பதுதான் கவலை. 3090 டிஐ கார்டில் ஆறு கம்பிகளையும் இரண்டிரண்டாகப் பிரித்துத் தனித்தனியே கண்காணித்தார்கள். 4090-இலும் 5090-இலும் ஆறும் பலகைக்குள் நுழைந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால் அதன் பங்கு சத்தமில்லாமல் மற்றவற்றின் மேல் ஏறும். டேர்பவர் என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானியச் சோதனையாளர் தன் சொந்த அமைப்பில் அளந்தபோது, ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கும் மேல் ஓடியது. எஸ்எம்பிஎஸ் பக்கக் கனெக்டர் 150 டிகிரியைத் தொட்டது. ஏசுஸின் ஆஸ்ட்ரல் மாடலில் ஒவ்வொரு பின்னிலும் ஓடும் மின்னோட்டத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. ஆனால் அது காட்டும், சமன் செய்யாது.

அந்த அளவீட்டுக்குத் தேவைப்பட்டவை ஒரு கிளாம்ப் மீட்டரும் ஒரு வெப்பக் கேமராவும்தான். விமர்சனக் கூடங்களில் இவை இல்லாமலா இருக்கும்? 2022-இல் 4090-இன் கனெக்டர்கள் உருகிய பிறகும், அதே வகைக் கனெக்டரில் இன்னும் 125 வாட் கூடுதலாக இழுக்கும் கார்டு வந்தபோது, முதல் நாளிலேயே ஆறு கம்பிகளையும் அளந்து ஒரு படம் போட்டிருக்கலாம். போடாததற்குக் காரணம் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. கையிலிருக்கும் சில நாட்களில் இருபது விளையாட்டுகளை மூன்று தெளிவுகளில், ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்ட வேண்டும். பத்துக் கார்டுகளோடு ஒப்பிட வேண்டும். மிச்ச நேரத்தில் காணொளி வெட்ட வேண்டும். மிச்சம் எங்கே இருக்கிறது? இருபது விளையாட்டை எட்டாகக் குறைத்திருந்தாலும் அந்த 30 சதவீதம் மாறியிருக்காது, கம்பியை அளக்க ஒரு நாள் கிடைத்திருக்கும்.

விமர்சகரின் மேசை நம் மேசையும் இல்லை. கார்டின் முழு வேகம் வெளிப்பட வேண்டும் என்பதற்காக அந்த நேரத்தின் மிக வேகமான பிராசஸரைப் போடுவார்கள். 5090-க்குப் பெரும்பாலோர் போட்டது ரைசன் 7 9800எக்ஸ்3டி. சோதனை முறையாக அது சரி. ஆனால் நான்கு வருடப் பழைய பிராசஸரில், 1080பி மானிட்டரில் இதே கார்டைச் செருகினால் வித்தியாசம் பாதிகூட வராது, கார்டு பிராசஸருக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் 2025 கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் 1080பி திரையில்தான் விளையாடினார்கள். விலையும் அப்படியே. இந்தியாவுக்கு அறிவித்த தொடக்க விலை 2,14,000 ரூபாய். முதல் மாதங்களில் அந்த விலைக்குக் கார்டு கிடைப்பது அரிதாக இருந்தது. அறிவிப்பு விலையை வைத்து வரைந்த ‘ஒரு ரூபாய்க்கு எத்தனை ஃபிரேம்’ படம் கடை வாசலிலேயே செத்துப்போனது.

சென்னை ரிச்சி தெருவில் கணினி அசெம்பிள் செய்யும் நண்பர் ஒருவரின் கடையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்தே அனிமேஷன் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் 5090 வாங்க வந்திருந்தார். பகலில் வேலை, இரவில் விளையாட்டு. எல்லா எண்களையும் மனப்பாடமாகச் சொன்னார். நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வீட்ல என்ன யுபிஎஸ் தம்பி?” என்றார்.

“600 விஏ அண்ணா.”

“அது 360 வாட் குடுக்கும். இந்தக் கார்டு மட்டுமே 575 கேக்குது. கரண்ட் போச்சுன்னா அந்த நிமிஷமே எல்லாம் ஆஃப் ஆயிடும். ரூம்ல ஏசி இருக்கா?”

இருந்தது, இரவில் மட்டும் போடுவாராம். நண்பர் ஒரு துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டார். மொத்த அமைப்பும் 750 வாட், தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதத்தில் 135 யூனிட். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி இழுப்பது தனி. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டணப் படிகளே மாறிவிடும் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரும்பாலான விமர்சனங்கள் 20 டிகிரியை ஒட்டிய அறையில் நடக்கின்றன. அங்கேயே மெமரி 90 டிகிரியை ஒட்டி நின்றதாக முதல் நாளே பதிவாகியிருந்தது. சென்னையின் மே மாத அறை 34, 35 டிகிரி. அறை எவ்வளவு கூடுகிறதோ கார்டும் ஏறக்குறைய அவ்வளவு கூடும், அல்லது ஃபேன் அதற்கு ஈடாகக் கத்தும்.

எனவே நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்காரருக்கு மிகவும் வேண்டிய படம் ஒன்றுண்டு: மின் வரம்பைப் படிப்படியாகக் குறைத்தால் வேகம் எவ்வளவு குறைகிறது என்பது. 575-இலிருந்து 450 வாட்டுக்கு இறக்கினால் 5090 இழப்பது சில சதவீதம்தான். 125 வாட் சூடு அறைக்குள் வராது, கம்பிக்கு 8 ஆம்பியர் என்பது 6-ஐ ஒட்டி இறங்கும், ஃபேன் அடங்கும். ஆனால் இந்தப் படம் நான் பார்த்த விமர்சனங்களில் வெகு சிலவற்றிலேயே இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டிப் பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு என்ற பழைய விதி அதற்கு இடம் தருவதில்லை. அந்த விதி கார்டுகளுக்கு நியாயம் செய்கிறது, வாங்குகிறவருக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே கார்டை அதே விமர்சகர் மறுபடி எடுத்து, கனெக்டரைக் கழற்றிப் பார்த்து, நான்கு பழைய விளையாட்டுகளை ஓட்டி, கடை விலையை அன்றைய தேதியில் எழுதினால் போதும். முதல் நாள் அளவுக்கு யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது உண்மை. அப்போதும் வாங்கப்போகிறவர் தேடி வந்து படிப்பார்.

அந்த இளைஞர் கார்டை வாங்கினார். வேலைக்கு 32 ஜிபி மெமரி தேவைப்பட்டது, அது நியாயமான காரணம். மாலையில் நண்பர் கேபினட்டைப் படுக்கவைத்து, எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளையே எடுத்து, கனெக்டரை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். பிறகு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பிளாஸ்டிக்குக்கும் கார்டுக்கும் இடையே வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்தார். இடது ஓரத்தில் ஒரு மயிரிழை தெரிந்தது. கழற்றி மறுபடி அழுத்தியபோதுதான் ‘டக்’ என்று சத்தம் வந்தது. கணினியைப் போட்டு, மின் வரம்பை 450 வாட்டில் நிறுத்தி, அந்த எண்ணைக் கேபினட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினார். “மே மாசம் ஒருதடவ கொண்டுவாங்க தம்பி, கழட்டிப் பாத்துடுவோம்” என்றார்.